சென்னை – சிங்கப்பூர்: டிக்கெட்டில் இருக்கும் மணியும் வானத்தில் ஆகும் மணியும்

விழுப்புரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அக்காவின் பிரசவத்துக்காக அவருடைய அம்மா ஜூலையில் சிங்கப்பூர் போகிறார். முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. போகும் டிக்கெட்டில் சென்னையில் இரவு 11.30-க்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் காலை 6.15-க்கு வருகை. ஒரு மாதம் கழித்துத் திரும்பும் டிக்கெட்டில் இரவு 8.00-க்குப் புறப்பாடு, 9.45-க்கு வருகை. "போவதற்கு ஆறே முக்கால் மணி நேரம், வருவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரமா? தூரத்தையும் ஒரு இடத்தில் 2,910 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 2,925, வேறொரு இடத்தில் 1,575. எதை நம்புவது? சர்க்கரை நோய் உள்ள அம்மா இவ்வளவு நேரம் உட்கார்ந்து போக முடியுமா?" இதுதான் அவர் கேட்டது.

நான் இருபது வருடத்துக்கு மேல் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தவன். இந்தக் கேள்வியை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ அம்மாக்களும் அப்பாக்களும் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். போனாலும் வந்தாலும் ஏறக்குறைய நாலே கால் மணி நேரம்தான். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,920 கி.மீ. நீங்கள் பார்த்த மூன்று எண்களில் எதுவுமே தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு. அம்மா தாராளமாகப் போகலாம்.

இப்போது அந்த மணிக்கணக்குக்கு வருவோம், குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். 11.30 என்பது சென்னைக் கடிகாரம். 6.15 என்பது சிங்கப்பூர்க் கடிகாரம். இரண்டு வேறு கடிகாரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் வருவது பயண நேரம் ஆகாது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 6.15 என்றால் விழுப்புரத்தில் விடியற்காலை 3.45. இரவு 11.30-லிருந்து 3.45 வரை எண்ணுங்கள், நாலே கால் மணி நேரம். திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு 8.00 என்றால் நமக்கு மாலை 5.30. அங்கிருந்து 9.45 வரை எண்ணினாலும் அதே நாலே கால்.

இதற்கு நான் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் பொருந்தும், நேர வித்தியாசம் தெரிந்திருக்கவே வேண்டாம். போகும் டிக்கெட்டில் தெரியும் வித்தியாசத்தையும் வரும் டிக்கெட்டில் தெரியும் வித்தியாசத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 6.45-ம் 1.45-ம் சேர்ந்து எட்டரை மணி, பாதி நாலே கால். அது பயண நேரம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பாதியாக்குங்கள்: ஐந்து மணி, பாதி இரண்டரை. அது இரண்டு ஊருக்கும் உள்ள நேர வித்தியாசம். காற்றினால் போக வர நேரம் பெரிதாக மாறும் தடங்களில் மட்டும் இந்த விடை ஏறக்குறையத்தான் இருக்கும்.

ஆனால் இந்த இரண்டரை மணி நேரம் முழுவதும் சூரியன் கொடுத்ததல்ல. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகிறது. சென்னை விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 80.17 பாகையில் இருக்கிறது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 103.99-இல். இடைவெளி 23.82 பாகை, அதாவது 95 நிமிடம். சூரியனை மட்டும் பார்த்தால் சிங்கப்பூர் நமக்கு ஒரு மணி 35 நிமிடம்தான் முன்னால். மிச்சமுள்ள 55 நிமிடம் அரசாங்கங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததால் வந்தது. சிங்கப்பூர் 1941-இல் லண்டனின் கிரீனிச் நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் என்று வைத்துக்கொண்டது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்தபோது டோக்கியோ நேரமான ஒன்பது மணிக்குப் போனது. போர் முடிந்ததும் மறுபடி ஏழரை. மலேசியா நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று முடிவெடுத்தபோது சிங்கப்பூரும் கூடவே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தது. 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரம். அதற்கு முன்னால் அங்கே போய் வந்த பெரியவர்கள் "இரண்டு மணி நேரம்தானே வித்தியாசம்" என்று சொன்னால் அவர்கள் சொல்வது அந்தக் காலத்துக்குச் சரிதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அம்மா இறங்கும்போது வெளியே இருட்டாகவே இருக்கும். சிங்கப்பூரில் வருடம் முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது. காலை ஆறேகால் என்று அறிவிப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே நடுராத்திரி மாதிரி இருக்கும். முதல் தடவை போகிறவர்கள் அங்கேதான் பதறுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடிகாரத்தோடு தேதியையும் பாருங்கள். உங்கள் டிக்கெட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறியும் 1-ம் இருக்கும். மறுநாள் வருகை என்று அர்த்தம். இதைவிட ஆபத்தானது நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானம். எங்கள் பெரியப்பா ஒருமுறை 15-ஆம் தேதி அதிகாலை 12.20 விமானத்துக்கு, 15-ஆம் தேதி ராத்திரிதான் போகவேண்டும் என்று நினைத்து, அன்று மாலை பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. வாசலிலேயே டிக்கெட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே நின்ற நிலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது. அதற்குப் பிறகு நான் யாருக்கு டிக்கெட் கொடுத்தாலும், நள்ளிரவு விமானமாக இருந்தால், "14-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக் கிளம்ப வேண்டும்" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பேன். உங்கள் விமானம் 11.30 என்பதால் அந்த வம்பு இல்லை.

அடுத்து தூரம். உலக உருண்டை பொம்மை ஒன்றில் சென்னையில் ஒரு நூலை வைத்து, சிங்கப்பூர் வரை இழுத்துப் பிடித்தால் அது படியும் கோடுதான் மிகக் குறுகிய தூரம். இணையதளங்கள் எல்லாம் அதைத்தான் கணக்கிடுகின்றன. நீங்களே வீட்டில் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். சென்னை விமான நிலையத்தின் அட்சரேகை 12.99, சாங்கியினுடையது 1.36. வித்தியாசம் 11.63 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் வடக்கு தெற்காக 1,293 கி.மீ. கிழக்கு மேற்காக 23.82 பாகை, ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் அதைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவான அட்சரேகை 7 பாகைச் சொச்சம், அதன் கொசைன் 0.992. பெருக்கினால் 2,628 கி.மீ. இனி பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்: இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,929. உருண்டைக்கான முழுச் சூத்திரத்தைப் போட்டால் 2,924 வருகிறது. மூவாயிரம் கி.மீ. பயணத்தில் வெறும் 5 கி.மீ. பிசகு! நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் ஊர்களுக்கு இந்த எளிய கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தும். டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் போட்டால் பொருந்தாது.

ஆக, 2,925 என்பது விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு. 2,910 என்பது சென்னை நகரின் நடுவிலிருந்து சிங்கப்பூர் நகரின் நடுவுக்கு. சாங்கி தீவின் கிழக்குக் கோடியில் இருப்பதாலும், மீனம்பாக்கம் நகருக்குத் தென்மேற்கே இருப்பதாலும் இந்தச் சின்ன மாற்றம். 1,575 என்று போட்டிருப்பது கடல் மைல். விமானிகளும் மாலுமிகளும் அதில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. சாதாரண மைலில் சொன்னால் 1,813. உண்மையில் விமானம் பறப்பது இந்தக் கோட்டைவிட 50, 100 கி.மீ. கூடுதலாக இருக்கும். ஓடுபாதை பார்த்திருக்கும் திசையில்தான் கிளம்ப முடியும், வான்வழிகள் வளைந்து போகும், நடுவில் இடிமேகம் நின்றால் சுற்றித்தான் போக வேண்டும். சென்னையின் பெரிய ஓடுபாதை கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் பெரும்பாலும் காற்றை எதிர்கொண்டு மேற்குப் பக்கமாக எழும்பி, பிறகு திரும்பிக் கடல் பக்கம் வருவார்கள். அம்மா பயந்து, "ஊர்ப் பக்கமே திரும்பிப் போகுதே" என்று நினைக்க வேண்டாம்.

இந்தக் கோடு எந்த எந்த இடத்தின் மேல் போகிறது என்று பார்த்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். சென்னைக் கரையைத் தாண்டினால் ஏறத்தாழ 1,650 கி.மீ. வங்காள விரிகுடா மட்டும்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கீழே தண்ணீர். பிறகு பெரிய நிக்கோபார் தீவின் தென்முனை, இந்தியாவின் கடைசி மண்ணான இந்திரா முனை. கணக்குப்படி கோடு அதற்கு இருபதே கி.மீ. தெற்கே போகிறது. அடுத்து சுமத்ராவின் வடமுனை, அச்சே. அதற்கப்புறம் மலாக்கா நீரிணையின் மேலேயே, இடதுபக்கம் மலேசியா, வலதுபக்கம் சுமத்ரா என்று வைத்துக்கொண்டு, தென்கிழக்காக இறங்கி சிங்கப்பூர். தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கும் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025-ஆம் ஆண்டுவாக்கில் நடந்த கடாரப் படையெடுப்பின் ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் வரும் மாநக்கவாரம் நிக்கோபார். இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனை. கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் கப்பல்கள் அறிந்த தீவுகளையும் கரைகளையும் ஒட்டித்தான் இன்று 11 கி.மீ. உயரத்தில் விமானம் போகிறது. விரிகுடாவைக் கடந்து மலாக்கா நீரிணைக்குள் நுழைய நிக்கோபாருக்கும் அச்சேவுக்கும் இடையிலுள்ள கடல் இடைவெளிதான் இயற்கையான வாசல். கப்பலுக்கும் அதுதான், குறுகிய கோட்டைத் தேடும் விமானத்துக்கும் அதுதான்.

நம் தாத்தாமார்கள் இதே தூரத்தைக் கப்பலில் போனார்கள். 'ரஜூலா' என்ற நீராவிக் கப்பல் 1926-லிருந்து 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் பிறகு 'எம்.வி. சிதம்பரம்'. ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. பயணிகள் கப்பல் சேவை அதோடு நின்றது. கடல் வழியே போக வேறு வழியில்லாமல் எல்லோரும் விமானத்துக்கு மாறினார்கள்.

சரி, 2,920 கி.மீ.க்கு ஏன் நாலே கால் மணி நேரம்? விமானம் மணிக்கு 830 கி.மீ. போகும் என்றால் மூன்றரை மணி நேரத்தில் போய்விட வேண்டுமே என்று கேட்பீர்கள். டிக்கெட்டில் இருக்கும் 11.30 என்பது சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரமல்ல. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். 6.15 என்பது அங்கே வாசலில் போய் நிற்கும் நேரம். அதனால் இப்படி எண்ண வேண்டும்: ஓடுபாதை வரை ஊர்ந்து போய் வரிசையில் நிற்க 15 நிமிடம். மேலே ஏற 25 நிமிடம், அதற்குள் 250 கி.மீ. கடந்திருக்கும். பிறகு சமமாகப் பறக்கும் 2,450 கி.மீ., அது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இறங்கத் தொடங்கித் தரை தொட அரை மணி நேரம். தரையிறங்கி வாசலுக்கு வர 8, 10 நிமிடம். கூட்டினால் நாலே கால். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களுக்கு இந்தக் கணக்கு. ஏ350, 787 போன்ற பெரிய விமானங்கள் மணிக்கு 900 கி.மீ. வரை போகும்; அதில் 10, 15 நிமிடம் மிச்சமாகும். அவசரத்துக்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால், தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசியாவுக்குள் மூன்று நான்கு மணி நேரப் பயணங்களுக்கு அது பெரும்பாலும் சரியாக வரும்.

காற்றைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. "கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே வந்தால் லேட்" என்பார்கள். வடக்கே அது உண்மை. டெல்லியிலிருந்து டோக்கியோ போவதற்கும் திரும்புவதற்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வரும், காரணம் இமயமலைக்கும் ஜப்பானுக்கும் மேலே மேற்கிலிருந்து பாயும் ஜெட் காற்று. ஆனால் சென்னை – சிங்கப்பூர் தடம் அதற்கு மிகவும் தெற்கே இருக்கிறது. அதோடு ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேலே நேர் எதிர்த்திசையில் ஒரு காற்று ஓடுகிறது, கிழக்கிலிருந்து மேற்காக. 1950-களில் இதை விளக்கிக் காட்டியவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை விஞ்ஞானி. திபெத் பீடபூமி கோடையில் சூடாவதும் தெற்கே கடல் குளிர்ச்சியாக இருப்பதும் சேர்ந்து இந்தக் காற்றை உண்டாக்குகின்றன. அதன் உச்ச வேகம் விமானங்கள் பறப்பதற்கும் மேலே, 14, 15 கி.மீ. உயரத்தில் இருக்கும், ஆனால் விமானம் போகும் உயரத்திலும் அது நன்றாகத் தெரியும். மணிக்கு 70 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 830 என்பது 760 ஆகிவிடும், பயணம் 20 நிமிடம் நீளும். வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், 900 ஆகும், கால் மணி நேரம் மிச்சம். அம்மா ஜூலையில் போய் ஆகஸ்டில் வருகிறார் அல்லவா, அவருக்குப் போகும்போதுதான் இழுக்கும், வரும்போது சீக்கிரம் வந்துவிடும். விமான நிறுவனங்கள் இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் அட்டவணையில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் ஜூலைக்கு உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும் சுமத்ரா பக்கமிருந்து இடிமழைக் கோடு ஒன்று நீரிணையைத் தாண்டி சிங்கப்பூருக்கு வரும். அங்கே அதைச் 'சுமத்ரா ஸ்குவால்' என்கிறார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் வந்து சேரும் விமானங்களை வானிலேயே சுற்ற விடுவார்கள். தாமதமானால் அக்கா பதற வேண்டாம்.

நேரடி விமானம் விலை அதிகம், கோலாலம்பூர் மாறிப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வரைபடத்தைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். சென்னை – கோலாலம்பூர் 2,629 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் 297. கூட்டினால் 2,926. நேர்கோட்டைவிட 2 கி.மீ.தான் அதிகம்! கோலாலம்பூர் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நேரம் அப்படி இல்லை. இறங்கி, இன்னொரு விமானத்துக்குக் காத்திருந்து, மறுபடி ஏறி இறங்க, மிகவும் ஒழுங்காக அமைந்தாலே மொத்தம் ஏழு மணி நேரம் ஆகிவிடும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இல்லாவிட்டால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். தனியாகப் போகும் அம்மாவுக்கு நான் அதை ஒருநாளும் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

விழுப்புரத்துக்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குத் திருச்சியும் கிட்டத்தட்ட சென்னை தூரம்தான். திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ.; சென்னையைவிட 60 கி.மீ. அதிகம், வானத்தில் ஐந்து நிமிடம். நேரடி விமானங்கள் இருக்கின்றன, 2024 ஜூனிலிருந்து புதிய முனையமும் இயங்குகிறது. தாம்பரம், பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கும் நேரத்தை நினைத்தால், அடுத்த முறையாவது இரண்டு டிக்கெட் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மதுரையிலிருந்து கணக்கிட்டால் 3,015, கோவையிலிருந்து 3,165, கொழும்பிலிருந்து 2,750 கி.மீ.

இனி அம்மாவின் பயணம் உண்மையில் எவ்வளவு நேரம் என்று பார்ப்போம். இரவு 11.30 விமானத்துக்கு 8.30-க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். விழுப்புரத்தில் மாலை 5 மணிக்காவது கார் ஏற வேண்டும். அங்கே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து, அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சிங்கப்பூர் நேரம் காலை 8, நமக்கு 5.30. ஆக வாசலிலிருந்து வாசலுக்குப் பன்னிரண்டரை மணி நேரம். அதில் விமானத்துக்குள் நாலே கால். களைப்பு வருவது மிச்ச எட்டு மணி நேரத்தில்தான். விமானத்தில் எப்படி உட்காருவார் என்று கவலைப்படுவதைவிட, நிலையத்தில் எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்று கவலைப்படுங்கள். மூட்டு வலி இருந்தால் சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பே பதிவு செய்துவிடுங்கள். கூடவே ஒரு ஆள் வருவார், இரண்டு பக்கமும் வரிசை, படிவம், வழி எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். தனியாகப் போகும் பெரியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

தூக்கத்துக்குக் கிடைப்பது அதிகபட்சம் இரண்டு மணி நேரம். மேலே ஏறி உணவு கொடுத்து முடிக்கும்போதே ஒரு மணி ஆகிவிடும், மூன்று மணிக்கெல்லாம் விளக்கைப் போட்டு எழுப்பிவிடுவார்கள். அதனால் எட்டு மணிவாக்கில், விமான நிலையம் போகும் வழியிலேயே, வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியைச் சாப்பிட வைத்து, ராத்திரி மாத்திரையையும் போட வைத்துவிடுங்கள். விமானத்தில் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடச் சொல்லுங்கள். மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், மருத்துவரின் சீட்டோடு. மறுநாள் காலை மருந்தை எந்த மணிக்கு எடுப்பது என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். கேட்கும்போது, "அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும்" என்று சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் அவர் இடைவெளியைக் கணக்கிட்டுச் சொல்வார். இறங்கும்போது காது அடைக்கும், வாயில் ஒரு ஏலக்காயோ கற்கண்டுத் துண்டோ போட்டு எச்சில் விழுங்கினால் போதும். சர்க்கரை உள்ளவர் என்பதால் ஏலக்காய் நல்லது.

விசாவோடு கூட, சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். அங்கே வருகைத் தேதி என்று கேட்கும் இடத்தில் டிக்கெட்டின் மறுநாள் தேதியைப் போடுங்கள், கிளம்பும் தேதியை அல்ல. இந்தப் பிழையை நான் நூறு முறை திருத்தியிருக்கிறேன். அந்த அட்டைக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

அம்மாவை அழைத்துப் போக வரும் உங்கள் மாமாவிடம் 6.45-க்கு வருகைக் கூடத்தில் நிற்கச் சொல்லுங்கள், எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் பார்த்து. விமானம் 6.15-க்கு வாசலில் நின்றாலும் வரிசையும் பெட்டியும் முடிந்து அம்மா வெளியே வர 7, 7.15 ஆகும். கண்ணாடிக்கு வெளியே அப்போதுதான் விடிந்திருக்கும். அம்மா மாமாவின் போனிலிருந்து "வந்து சேர்ந்துட்டேன்" என்று கூப்பிடும்போது விழுப்புரத்தில் நாலே முக்கால் மணிதான் ஆகியிருக்கும். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள்.